கூலன்ட் எங்கே போகிறது?

"அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் அதற்கு முன்பே சில வாரங்களாவது தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருப்பார்கள். பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் டேங்கில் மட்டம் மினிமம் கோட்டுக்குக் கீழே கிடக்கும். கையிலிருக்கும் பாட்டில் தண்ணீரை ஊற்றினால் கோடு வரை ஏறிவிடும், வண்டியும் ஓடும். பத்து நாளில் மறுபடி இறங்கும், மறுபடி ஊற்றுவார்கள். இன்றைய காரின் குளிரூட்டும் அமைப்பு முழுக்க மூடிய ஒரு சுற்று. என்ஜின் ஆயில் கொஞ்சம் எரிந்து குறையலாம், வைப்பர் தண்ணீர் தீர்ந்துபோகலாம். கூலன்ட் அப்படிச் செலவாகிற பொருள் இல்லை. அது தொடர்ந்து குறைகிறதென்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த இடத்தைத் தேடாமல் ஊற்றுகிற ஒவ்வொரு பாட்டில் தண்ணீரும் பழுதை வளர்க்கத்தான் செய்யும்.

கார் பிறந்த காலத்தில் கதை வேறு. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். அந்த என்ஜினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகியே சூட்டை இறக்கியது. ஆகவே வழியெங்கும் கிடைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்ற வேண்டியிருந்தது. 1901-இல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்கு வில்ஹெல்ம் மேபாக் தேனடை ரேடியேட்டர் செய்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரமான 8,070 குழாய்களை அடுக்கி, அவற்றினுள் காற்று பாய, இடுக்குகளில் தண்ணீர் ஓடும்படி அமைத்தார். ஒன்பது லிட்டர் தண்ணீரே போதுமானதாயிற்று. இன்றைய சிறிய கார் நான்கைந்து லிட்டரில் வருடக்கணக்கில் ஓடுகிறது. இடையில் நடந்த பெரிய மாற்றம், சுற்றை மூடி அழுத்தத்தில் வைத்ததுதான். ஒழுகலைப் புரிந்துகொள்ள அந்த அழுத்தத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலையாகிறது. ஏறத்தாழ இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதி என்ஜினின் உலோகத்தில் இறங்குகிறது, அதைச் சுமந்து வெளியே கொண்டுபோவது கூலன்ட். சிலிண்டருக்குள் எரியும் வாயு நொடியின் சிறு பகுதி நேரத்துக்கு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் உலோகம், அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டேயிருக்கும் திரவம். இந்தத் திரவம் ஆவிப்படலமாக மாறிவிட்டால் சூடு கடத்தும் திறன் அடியோடு விழுந்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடங்களில் உலோகத்தின் சூடு மற்ற இடங்களைவிட மிக அதிகம். அங்கே கூலன்ட் கொதிக்காமல் இருக்க வேண்டுமானால் அதன் கொதிநிலை உயர வேண்டும்.

சமையலறை குக்கரில் வெயிட் செய்கிற வேலையை இங்கே ரேடியேட்டர் மூடி செய்கிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருப்பார்கள். வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அவ்வளவு கூடுதல் அழுத்தம் வரை அது திறக்காது என்று பொருள். ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீரின் கொதிநிலை 100-லிருந்து 120 டிகிரிக்குப் போகிறது. பாதித் தண்ணீரும் பாதி எத்திலீன் கிளைக்காலும் கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்திலேயே சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும், மூடிக்குள் கிட்டத்தட்ட 130 வரை தாங்கும். பனிப்பிரதேசங்களில் உறையாமல் காப்பது இந்தக் கலவையின் இன்னொரு குணம். நம் ஊரில் அதற்கு வேலையில்லாததால், கூலன்ட் வெளிநாட்டுக்கானது, தண்ணீரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் நமக்குத்தான் அதிகம் வேண்டியவை.

ஆகவே ஊசி முனையளவு ஒரு ஓட்டை விழுந்தால் முதலில் இழப்பது அழுத்தத்தை. நாலு லிட்டரில் கால் லிட்டர் குறைந்ததால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது: அளவு குறையுமுன்பே கொதிநிலை இறங்கிவிடுகிறது. மட்டம் கோட்டில் இருந்தாலும் நெடுஞ்சாலையில் ஏ.சி. போட்டு ஏற்றத்தில் ஏறும்போது ஹெட்டுக்குள் ஆங்காங்கே கொதிப்பு தொடங்கலாம். டெம்பரேச்சர் முள்ளை நம்பி உட்காரவும் முடியாது. அந்த சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் மிகவும் இறங்கி சென்சாரைச் சுற்றி ஆவியோ காற்றோ நின்றால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே காட்டும். பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரிந்த பிறகும் "அடுத்த பங்க் வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை என்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்ற எச்சரிக்கையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 120 டிகிரியில் அடைபட்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரின் மேலிருந்து அழுத்தம் சட்டென்று நீங்கினால், 100 டிகிரிக்கு மேல் அதிலிருக்கும் வெப்பம் முழுவதும் அந்தக் கணமே ஆவியாக்கும் வேலைக்குப் போகும். அதில் சுமார் 35 கிராம் நீராவியாகும். 35 கிராம் என்பது அற்பமாகத் தோன்றும், ஆனால் அந்த ஆவிக்கு ஏறத்தாழ 60 லிட்டர் இடம் வேண்டும். வெளியேற இருக்கும் வழி மூடியின் கழுத்து மட்டும். ஆவி தன்னோடு கொதிநீரையும் அள்ளிக்கொண்டு முகத்துக்கு நேராக வரும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும், மேல் ஹோஸைத் தொட்டால் கை சுடாத நிலை வர வேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லாமல் சூடான என்ஜின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினாலும் உலோகம் விரிசல் விடக்கூடும்.

ஒழுகும் இடத்தைத் தேட நல்ல நேரம் காலை, வண்டி இரவெல்லாம் நின்று குளிர்ந்த பிறகு. முன்னிரவில் என்ஜினுக்குக் கீழே ஒரு பழைய அட்டையை விரித்து வைத்தால் சொட்டு விழுந்த இடம் தெரியும். எல்லாச் சொட்டும் கூலன்ட் இல்லை. ஏ.சி. ஓடிய வண்டியின் இடப்பக்கத்தில் நிறமும் மணமும் இல்லாத தெளிந்த நீர் சொட்டினால் அது காற்றிலிருந்து குளிர்ந்து இறங்கிய ஈரம், கவலையே வேண்டாம். கூலன்ட்டுக்குப் பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று ஏதாவது நிறம் இருக்கும். விரலில் தடவினால் வழுக்கும், லேசான இனிப்பு வாடை வரும். நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன்.

அட்டையில் ஒன்றுமே விழவில்லை, மட்டம் மட்டும் இறங்குகிறது என்றால் குழம்பத் தேவையில்லை. சூடான உலோகத்தின் மேல் கசியும் கூலன்ட்டில் தண்ணீர்ப் பகுதி சொட்டுமுன்பே ஆவியாகிவிடும். அது விட்டுச்செல்லும் உப்புப் பூத்தாற்போன்ற வெள்ளை அல்லது நிறம் கலந்த படிவுதான் அப்போது தடயம். டார்ச் அடித்துத் தேட வேண்டியது அந்தப் படிவைத்தான். காற்று பின்னோக்கி அடித்துச் செல்வதால் படிவு பரந்திருக்கும் இடத்தைவிட மேலேயும் முன்னேயும்தான் ஓட்டை இருக்கும்.

ஹோஸ்கள் வெளியே புதிதுபோல் பளபளத்துக்கொண்டே உள்ளே கெடக்கூடியவை. ஒரு முனை என்ஜின் உலோகத்திலும் மறுமுனை ரேடியேட்டரிலும் இருக்க, உள்ளே மின்கடத்தும் திரவம் ஓட, அங்கே மெல்லிய ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. அந்த மின்வேதி வினை ரப்பரின் உட்சுவரில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கி, கீறல்கள் உள்ளிருந்து வெளியே வளர்கின்றன. பெரும்பாலும் முனைகளை ஒட்டித்தான் இது நடக்கும். அதனால் குளிர்ந்த ஹோஸை நடுவில் அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது. கிளிப்பை ஒட்டிய பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்த வேண்டும். அங்கே மற்ற இடங்களைவிடக் கொழகொழவென்று இருந்தாலோ, உள்ளே வரிவரியாகத் தட்டுப்பட்டாலோ அந்த ஹோஸின் காலம் முடிந்துவிட்டது.

வாட்டர் பம்ப்பில் பலர் கவனிக்காத ஒரு சிறு துளை இருக்கிறது. அதை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பம்ப்பின் தண்டைச் சுற்றி, ஒன்று கார்பனும் மற்றொன்று பீங்கானுமாக இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் உராய்ந்து சுழலும். அவற்றுக்கு நடுவே படரும் கூலன்ட் படலமே அவற்றுக்கு மசகு. அந்த முகங்கள் தேய்ந்ததும் கூலன்ட் தாண்டி வரும். அது பின்னாலிருக்கும் பேரிங்கை நனைத்துக் கெடுக்காமல் வெளியே வடிந்துபோகவே இந்தத் துளை. லேசான கறை பரவாயில்லை. சொட்டோ, துளையிலிருந்து கீழே இறங்கிய நிறக்கோடோ இருந்தால் பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும். துளையை அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அடுத்துப் போவது பேரிங்தான். டைமிங் பெல்ட்டே பம்ப்பையும் சுழற்றும் என்ஜினாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் பிரிக்கும் கூலிதான் அதில் பெரிது.

ரேடியேட்டரில் அலுமினிய நடுப்பகுதியும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பைப் பார்க்க வேண்டும். சூடும் குளிரும் மாறி மாறி வர, இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி நடுவிலிருக்கும் ரப்பரைக் களைப்படையச் செய்யும். காருக்குள் இனிப்பு வாடை வந்தாலோ, டேஷ்போர்டுக்குக் கீழே கார்ப்பெட் பிசுபிசுத்தாலோ, முன் கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படிந்தாலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

ரிசர்வ் டேங்க் நிறைந்திருப்பதால் ரேடியேட்டரும் நிறைந்திருக்கும் என்று முடிவுகட்ட முடியாது. தனி ரேடியேட்டர் மூடி உள்ள வண்டிகளில் கூலன்ட் சூடாகி விரியும்போது கூடுதலாவது டேங்குக்குப் போகும். குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியிலிருக்கும் சிறிய இரண்டாவது வால்வு வழியாக அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். எங்காவது ஓட்டை இருந்தால் கூலன்ட்டுக்குப் பதில் அந்த ஓட்டை வழியே காற்றை இழுத்துவிடும். டேங்க் மட்டம் அசையாமல் இருக்க, ரேடியேட்டர் காலியாகிக்கொண்டேயிருக்கும். ஆகவே குளிர்ந்த வண்டியில் இரண்டையுமே திறந்து பார்க்க வேண்டும்.

கண்ணால் பிடிபடாததைப் பிடிக்கும் கருவி ஒன்று உண்டு, எளிமையானது. கையால் அடிக்கும் ஒரு பம்ப், அதன் மேல் அழுத்தமானி, ரேடியேட்டர் கழுத்தில் மாட்ட ஒரு அடாப்டர். ஓடும்போது மட்டும் நடப்பதை, குளிர்ந்து நிற்கும் வண்டியில் ஆவியோ சூடோ இல்லாமல் நடத்திக் காட்டுகிறது. மூடியில் பொறித்த அளவு வரை மெல்ல அடித்து நிறுத்த வேண்டும், அதற்கு மேல் அடித்தால் நல்ல இடத்தையும் கிழித்துவிடும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் நின்ற இடத்தில் நின்றால் சுற்று இறுக்கமாக இருக்கிறது. மெல்ல நழுவினால் பட்டறையின் சத்தத்தை அடக்கிவிட்டுக் காது கொடுத்தால் சீறல் கேட்கும், அல்லது கிளிப்புக்கடியில் ஒரு மணி போல் திரவம் திரண்டு நிற்கும். இதே பம்ப்பில் மூடியையும் மாட்டிச் சோதிக்கலாம். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து 0.9-க்குப் பதில் 0.4-இலேயே திறந்துகொண்டால் வேறு எங்கும் ஓட்டை இல்லாமலே கூலன்ட் வெளியே போகும். மற்ற எதையும் கழற்றுமுன் மூடியைச் சோதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை மிகக் குறைந்த பாகம் அதுதான்.

மிக மெல்லிய கசிவுக்குச் சாயம் உதவும். கூலன்ட்டோடு கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கு அடித்தால் கசிந்த இடம் பச்சையாக ஒளிரும். இவ்வகையில் புகழ்பெற்றது 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கிய ஃப்ளோரசீன். பல பச்சை கூலன்ட்களின் நிறமே அதனால் வருவதுதான். தெற்கு ஜெர்மனியில் டான்யூப் ஆற்று நீர் இம்மென்டிங்கன் அருகே சுண்ணாம்புப் பாறை விரிசல்களில் புகுந்து மறைந்துவிடும். 1877 அக்டோபரில் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியலாளர் அங்கே பத்துக் கிலோ ஃப்ளோரசீனைக் கரைத்தார். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்று பளிச்சென்ற பச்சையில் பொங்கியது. கருங்கடலுக்குப் போகவேண்டிய நீரில் ஒரு பங்கு ரைன் நதியோடு சேர்ந்து வடகடலுக்குப் போவது அப்படித்தான் நிரூபணமாயிற்று. ஆறு ஒழுகினாலும் கார் ஒழுகினாலும் தேடும் முறை ஒன்றே என்பது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அழுத்தமானியின் முள் இறங்குகிறது, வெளியே எங்குமே ஈரமில்லை, கார்ப்பெட்டும் காய்ந்திருக்கிறது என்றால் சந்தேகம் ஹெட்டுக்கு அடியில் இடைவெளியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் மேல் விழும். எரியும்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் பல பத்து மடங்கு. கூலன்ட் பக்கம் இருப்பதோ ஒன்றே ஒன்று கூடுதல். அதனால் கேஸ்கெட்டில் வழி விழுந்தால் என்ஜின் ஓடும்போது புகை கூலன்ட்டுக்குள் புகும், டேங்கில் குமிழி விடும். நிறுத்திய பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும், மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். ஆயில் பால் கலந்தாற்போல் மாறியிருந்தால் கூலன்ட் அங்கேயும் போய்விட்டது. உறுதிப்படுத்தப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்த புரோமோதைமால் நீலமே போதும். ரேடியேட்டர் கழுத்துக்கு மேலிருக்கும் காற்றை அந்த நீலக் கரைசல் வழியே உறிஞ்சினால், எரிபுகையின் கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலமாகி நிறத்தை மஞ்சளாக்கிவிடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தாலும் குறிப்பு கிடைக்கும். மற்றவை கரியேறியிருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் கசிவு அந்தச் சிலிண்டரில்.

இடம் தெரிந்துவிட்டால் சரிசெய்வதில் பெரும்பகுதி நேரான வேலை. ஹோஸை மாற்றும்போது கிளிப்பையும் மாற்ற வேண்டும், பொருந்தும் உலோக முனையில் பழைய படிவைத் தேய்த்து எடுக்க வேண்டும். அம்பாசிடர் காலத்துச் செம்பு-பித்தளை ரேடியேட்டர்களை ஈயம் பற்றவைத்து மீட்டுவிடும் கைகள் நம் ஊரில் நிறைய இருந்தன. அலுமினியத்தின் மேல் நொடியில் படரும் ஆக்சைடு படலத்தில் அந்த ஈயம் ஒட்டாது, பிளாஸ்டிக் தொட்டியிலோ பற்றவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. இப்போக்சி பசை பூசினாலும் சூட்டிலும் குளிரிலும் சில வாரங்களில் உரிந்துவரும். விரிசல் விட்ட ரேடியேட்டரை மாற்றுவதுதான் வழி.

நடுவழியில் ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடும் ஓட்டுநர்களின் பழைய உத்தி அறிவியல் இல்லாதது அல்ல. தூள் நீரோட்டத்தோடு ஓட்டைக்கு இழுபடும், அதிலிருக்கும் மாவுச்சத்து சூட்டில் உப்பிக் கஞ்சியாகி விரிசலை அடைக்கும். கடைகளில் விற்கும் லீக் அடைப்பான்களும் இதே கொள்கையில்தான் வேலை செய்கின்றன. அடுத்த ஊர் வரை போய்ச்சேர அது உதவும். ஆனால் எது ஓட்டை, எது இன்றைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று தூளுக்குத் தெரியாது. போட்டவர்கள் பட்டறையில் அதை மறைக்காமல் சொல்லி, முழுக்கக் கழுவிவிட வேண்டும்.

மறுபடி நிரப்புவதில்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு மிகுந்த இடத்தில் ஓடாகப் படியும். அதாவது எந்த இடம் முதலில் குளிர வேண்டுமோ அந்த இடத்தையே போர்த்திவிடும். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரித்துப் பொத்தலாக்கும். கலந்தே வரும் கூலன்ட்டை வாங்கலாம், அல்லது அடர்கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேர்க்கலாம். நிறத்தைப் பார்த்து ரகத்தை முடிவு செய்யக் கூடாது, நிறத்துக்குப் பொது விதி எதுவும் இல்லை. வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

இறக்கிய பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதனால் நாயும் பூனையும் நக்கிவிடும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாகி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகச் சேரும். ஒரு பூனையைக் கொல்ல ஒரு தேக்கரண்டி போதும். குழந்தை கையில் கிடைத்தாலும் அதே ஆபத்து. கேனில் பிடித்து மூடி, எட்டாத இடத்தில் வைத்து, பழைய திரவங்களை முறையாக எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

நிரப்பிய பிறகு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பிவைத்து, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கிக்கொடுத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை என்ஜினை ஐடிலில் விடலாம். காற்று விடும் திருகு இருக்கும் வண்டிகளில் அதைத் திறந்து, குமிழி நின்று திரவம் மட்டும் வரும்போது மூட வேண்டும். அடுத்த சில நாளில் மட்டம் சற்று இறங்கினால் பயப்பட வேண்டாம், எஞ்சிய காற்று வெளியேறிய இடத்தை அது நிரப்புகிறது. ஒரு முறை கோடு வரை ஊற்றி, தினமும் காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்த்து வாருங்கள். அதன் பிறகும் இறங்கினால் இரண்டாவது ஓட்டை ஒன்று இருக்கிறது. முதல் ஓட்டையை அடைத்ததும் அழுத்தம் முழுதாக ஏறி, அதுவரை தாக்குப்பிடித்த பலவீனமான இடம் திறந்துகொள்வதுண்டு. மறுபடி பம்ப்பை மாட்டி, முள்ளைப் பார்க்க வேண்டியதுதான்.